மட்டி வாய் மூடினால்

மட்டிகள் அவளைக் கண்டதும் வாயை மூடிக்கொள்கின்றன என்று முதலில் சொன்னவர் பம்ப் ஆபரேட்டர். கேலியாகத்தான் சொன்னார். மூன்றாவது முறை நடந்தபோது அவரும் சிரிக்கவில்லை.

ஊருக்குக் குடிநீர் அனுப்பும் நிலையம் அது. ஆற்றிலிருந்து வரும் தண்ணீர் வடிகட்டிகளுக்குப் போவதற்கு முன்னால் அதில் ஒரு சின்னக் கிளை பிரிந்து, பம்ப் கூடத்துக்கு அடியில் ஜன்னலில்லாத ஓர் அறைக்கு வரும். அங்கே கண்ணாடித் தொட்டியில், சிப்பி மாதிரி இரட்டை ஓடு கொண்ட எட்டு ஆற்று மட்டிகள் இருந்தன. ஒவ்வொன்றின் ஓட்டிலும் மெல்லிய கம்பி ஒட்டியிருக்கும். ஓடு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைக் கம்பி திரைக்குச் சொல்லும். திரையில் எட்டுக் கோடுகள் ஏறியும் இறங்கியும் போய்க்கொண்டிருக்கும். தூங்குகிறவர்கள் எட்டுப் பேரின் மூச்சைப் பார்ப்பது போலிருக்கும்.

மட்டி தன் பாட்டுக்கு வாயைத் திறந்து நாளொன்றுக்கு நாலைந்து வாளித் தண்ணீரை உறிஞ்சி, வடிகட்டி, கிடைத்ததைத் தின்று, மிச்சத்தை வெளியே விடும். அதற்கு ஆகாத ஒன்று ஒரு துளி கலந்து வந்தால் போதும், சட்டென்று மூடிக்கொள்ளும். எட்டில் ஐந்து மூடி, நாலு நிமிடம் திறக்காமலிருந்தால் மணி அடிக்கும். ஆற்றுக் கதவு தானாக அடைபடும். ஊர்க் குழாய்கள் காற்றைத் துப்பும்.

அந்த எட்டையும் பார்த்துக்கொள்வது அவள் வேலை. சின்ன வயதில் கணக்கு மண்டையில் ஏறாததால் அண்ணன் அவளை "மட்டி" என்றுதான் கூப்பிடுவான். இந்த வேலை கிடைத்த அன்று, "மட்டியை மேய்க்க மட்டியையே போட்டுட்டாங்களே!" என்று அவன் விழுந்து விழுந்து சிரித்தான். எப்படியோ அந்தப் பெயர் நிலையத்துக்கும் வந்து சேர்ந்து, எல்லோருக்கும் அவள் மட்டியக்கா ஆகிவிட்டாள். அவளுக்கு வருத்தமில்லை. ஒத்துவராத கல்யாணத்தை விட்டு வந்து அண்ணன் வீட்டில் இருந்தவளை, தன் சம்பளத்தில் கால் ஊன்றி நிற்க வைத்தவை அந்த எட்டு மட்டிகள்தான்.

முதல் தடவை ஒரு திங்கட்கிழமை நடந்தது. காலையில் வந்தாள். தொட்டிக்குப் போகும் தண்ணீர் முதலில் வந்து விழும், வாசலை ஒட்டியிருந்த திறந்த பெட்டியில் கையை விட்டு, வலையில் சேர்ந்திருந்த சருகையும் பாசியையும் வழித்துப் போட்டாள். தினமும் முதலில் செய்கிற வேலை அது. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து பதிவேட்டைத் திறந்தபோது மூன்றாம் கோடு கீழே விழுந்தது. அடுத்து ஏழு. அப்புறம் ஒன்று, இரண்டு, ஆறு. யாரோ ஒவ்வொரு விளக்காக அணைத்துக்கொண்டு வருவது போல. மணி அடித்தது.

சோதனைக்கூடக்காரர் ஓடி வந்தார். எதையும் சொட்டுக் கணக்கில் பார்க்கிறவர் என்பதால் அவருக்கு 'சொட்டு' என்று பெயர். ஆற்றுத் தண்ணீரை ஏழு விதமாகச் சோதித்தார்.

"ஒண்ணுமே இல்ல. தண்ணி பளிங்கு மாதிரி இருக்கு."

"அப்ப ஏன் சார் மூடுச்சு?"

"அதை அதுங்ககிட்டத்தான் கேக்கணும்."

நாற்பது நிமிடம் கழித்துக் கதவைத் திறந்தார்கள். மட்டிகள் ஒவ்வொன்றாக, அவளை நம்பாததுபோல, மயிரிழை மயிரிழையாக வாயைத் திறந்தன.

வியாழனன்று மறுபடி நடந்தது. நடுவில் அவளுக்கு விடுமுறையான இரண்டு நாளும் கோடுகள் ஆடாமல் அசையாமல் போயிருந்தன. அடுத்த வாரமும் அதே கதை. அவள் இல்லாத நாளில் எல்லாம் சரி. அவள் வந்து சற்று நேரத்தில் மூன்றாம் கோடு முதலில் விழும். சில நாள் இரண்டு மூன்றோடு நின்றுவிடும், மணி அடிக்காது.

தேநீர் அறையில் அவள் நுழைந்தால் பேச்சு நின்றது. பம்ப் ஆபரேட்டர் தன் சாப்பாட்டு டப்பாவை அவள் உட்காரும் மேசையிலிருந்து எடுத்து அடுத்த மேசைக்கு மாற்றிக்கொண்டார். யதேச்சையாகச் செய்வதுபோலத்தான் செய்தார். கணக்கெழுதுகிற பெண் மட்டும் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

"தப்பா நினைக்காதீங்க அக்கா. ஒரு தடவை உடம்பைக் காட்டிட்டு வந்துடுங்களேன். நமக்குத் தெரியாதது வாயில்லா ஜீவனுக்குத் தெரியும்னு சொல்வாங்க."

அந்த வார்த்தை அவளுக்குள் முள்ளாகத் தைத்தது. அன்று கழிப்பறைக் கண்ணாடியில் வெகுநேரம் தன்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நாக்கை நீட்டிப் பார்த்தாள். உள்ளங்கையை முகர்ந்தாள். இரும்பு வாடையும் ஈர வாடையும் மட்டும் வந்தன. தனக்குள் ஏதோ ஒன்று உட்கார்ந்துகொண்டு, தன் தோலுக்கு அடியிலிருந்து எட்டிப் பார்ப்பது போலவும், கண்ணே இல்லாத அந்த எட்டும் அதைப் பார்த்துவிட்டது போலவும் அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. அம்மாவும் இப்படித்தான், ஒன்றும் இல்லை ஒன்றும் இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்து, கடைசியில் மூன்றே வாரத்தில் போய்ச் சேர்ந்தாள்.

நிலையத்துப் பொறியாளர் அவளைக் கூப்பிட்டு நேராகவே கேட்டார்:

"நாலாவது தடவை ஊருக்குத் தண்ணி நின்னா மேலிடத்துக்கு நான்தான் பதில் சொல்லணும். மட்டியைத் தூக்கட்டுமா, உங்களைத் தூக்கட்டுமா? நீங்களே சொல்லுங்க."

அவள் படியிறங்கிப் போய் எட்டுக் கோடுகளுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

வீட்டில் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. அங்கே வேறு கவலை இருந்தது. அண்ணிக்கு இரண்டு கரு கலைந்து, மூன்றாவது இப்போது ஐந்தாம் மாதம். உடம்பில் ரத்தமே இல்லை என்று மூன்றாம் மாதத்திலேயே மருத்துவர் சொல்லியிருந்தார்.

"மாத்திரை ஒரு பக்கம் இருக்கட்டும். சிப்பி கிடைக்குற ஊர்ல இருக்கீங்க. நல்லா வேக வெச்சுச் சாப்பிடுங்க. இரும்புச் சத்து, துத்தநாகம், பி பன்னிரண்டு, புரதம், எல்லாம் ஒரே ஓட்டுக்குள்ள இருக்கு. கொழுப்பும் கம்மி."

அதன்பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் சிப்பிக்காரி ஓட்டை உடைத்துச் சதையை மட்டும் வழித்து ஒரு கிண்ணம் கொண்டுவந்து கொடுப்பாள். அண்ணி அதை வேகவைத்து, சாற்றைக்கூட மிச்சம் வைக்காமல் குடிப்பாள். இரண்டு மாதத்தில் ரத்தம் ஏழிலிருந்து பத்துக்கு வந்தது. வெளிறிப் போயிருந்த உதட்டில் நிறம் ஏறியது. அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை.

"கடல் போடுற பிச்சை. வேணாம்னு சொல்லாத, திங்கு" என்று பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டாத குறைதான்.

தலைவலி வருகிறது என்றும், வாயில் எந்நேரமும் காசை அடக்கி வைத்ததுபோல ஒரு ருசி இருக்கிறது என்றும் அண்ணி சொன்னாள். பிள்ளைத்தாய்ச்சிக்கு வாய் அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். அண்ணியும் விட்டுவிட்டாள்.

நிலையத்தில் நாலாவது தடவைக்கு மட்டியக்கா காத்திருக்கவில்லை. தனக்கு என்னதான் ஆகியிருக்கிறது என்று தானே பார்த்துவிடத் துணிந்தாள். சொட்டிடம் போய் நடந்ததையெல்லாம் சொன்னாள். அவர் கேலி செய்யவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ரெண்டு மணி நேரம் மணியை நிறுத்தி வைக்கிறேன். ஆத்துக் கதவை நான் கையால பாத்துக்கிறேன். நீங்க தினமும் செய்யுறதை ஒண்ணொண்ணா, நடுவுல நேரம் விட்டுச் செய்ங்க."

முதலில் அறைக்குள் போய்த் தொட்டிக்கு எதிரே சும்மா நின்றாள். எட்டுக் கோடுகளும் சீராக ஏறி இறங்கின. கண்ணாடியருகே குனிந்தாள். மட்டிகளின் திறந்த வாயில் தெரிந்த மெல்லிய சதை விளிம்பு நீரோட்டத்தில் அசைந்தது. ஒன்றும் மூடவில்லை. மேலே மூச்சு விட்டாள். "நான்தான்" என்றுகூட மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். கோடுகள் தம் பாட்டுக்குப் போயின.

பிறகு வாசல் பெட்டியில் கையை விட்டு வலையைத் துடைத்தாள். திரும்பி வந்து நின்றாள். ஒரு நிமிடம். இரண்டு. மூன்றாம் கோடு படியிலிருந்து கால் தவறியவன் போலச் சரிந்தது. பின்னாலேயே ஏழு.

"கைதான்" என்றார் சொட்டு. "கையைக் கழுவிட்டு மறுபடி விடுங்க. அந்த மேல்கோட்டைக் கழட்டிடுங்களேன், நனையுது பாருங்க."

அப்போதுதான் அவள் தன் கையைப் பார்த்தாள். அறை குளிர்கிறது என்று அவள் புலம்பியதைக் கேட்டு, அண்ணன் தன் பழைய வேலைக் கோட்டைக் கொடுத்திருந்தான். தடித்த துணி, முழங்கைக்குக் கீழே அகலமான கை. எவ்வளவு மடித்துவிட்டாலும் பெட்டிக்குள் கையை விடும்போது நுனி நனைந்துவிடும். முதல் தடவை மணி அடித்த அந்தத் திங்கட்கிழமைதான் அதை முதன்முதலாகப் போட்டுக்கொண்டு வந்தாள்.

கோட்டைக் கழற்றிக் கைகளை நல்ல தண்ணீரில் அலசிவிட்டு, மட்டிகள் திறக்கும்வரை காத்திருந்து மறுபடி வலையைத் துடைத்தாள். ஐந்து நிமிடம் போயிற்று. ஒன்றும் ஆகவில்லை. சொட்டு கோட்டுக் கையின் நுனியை ஒரு குவளைத் தண்ணீரில் முக்கிப் பிழிந்து, அதைப் பெட்டியில் ஊற்றினார்.

இந்த முறை ஒவ்வொன்றாக விழவில்லை. எட்டும் ஒன்றாக விழுந்தன. தொட்டிக்குள்ளிருந்து வந்த சத்தம்கூடக் கேட்டது. யாரோ பல்லைக் கடித்துக்கொண்டது போலச் சின்னதாக ஒரு சத்தம்.

சொட்டு கோட்டைக் கையில் எடுத்தார்.

"இது யாரோட கோட்டு?"

"எங்க அண்ணனோடது. படகுப் பட்டறைல வேலை. பழைய படகோட அடியைச் சுரண்டுவாங்க."

சொட்டு துணியை வெளிச்சத்தில் பிடித்தார். நூலுக்கும் நூலுக்கும் நடுவே செங்கல் பொடி மாதிரி சிவப்பாக ஏதோ ஊறியிருந்தது.

"படகு அடியில சிப்பி ஒட்டிக்கிட்டா வேகம் போயிடும். அது ஒட்டாம இருக்கறதுக்குன்னே ஒரு பூச்சு உண்டு. ஒட்ட வர்ற சிப்பி செத்துடணும், அதுக்காகவே செஞ்சது. அதுலயும் அந்தக் காலத்துப் பூச்சு ரொம்பப் பொல்லாதது. அதைச் சுரண்டுற பொடி பாவம் இதுங்களைச் சும்மா விடுமா?" அவர் அவளைப் பார்த்து லேசாகச் சிரித்தார். "உங்க உடம்புல ஒண்ணும் இல்லம்மா. நிம்மதியா வீட்டுக்குப் போங்க."

அவளும் சிரித்தாள். மனசு பஞ்சாகப் பறந்தது. மாடிப்படி ஏறி வெளியே வந்து, வெயிலில் நாலு எட்டு வைத்திருப்பாள். அங்கேயே கால் நின்றுவிட்டது.

பட்டறைக் கழிவு எங்கே போகிறது? பின்பக்கச் சரிவு வழியாகக் கடலுக்கு. அந்தச் சரிவுக்கு அந்தப் பக்கம் இருப்பது, சிப்பிக்காரி சிப்பி பெயர்க்கும் பாறை.

பேருந்துக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போனாள். அண்ணி சமையலறை மேசையில் உட்கார்ந்து கிண்ணத்தின் அடியைக் கரண்டியால் வழித்துக்கொண்டிருந்தாள்.

"வா வா. நேத்துப் பாத்ததுல பதினொண்ணாம்! மருத்துவரே ஆச்சரியப்பட்டுட்டாரு" என்றாள் பூரிப்பாக. பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏண்டி, பேயைப் பாத்தவ மாதிரி நிக்குற?" என்றாள்.

"அண்ணி, இந்தச் சிப்பியோட ஓட்டை நீங்க எப்பவாவது பாத்திருக்கீங்களா?"

"உடைச்சுத்தானே கொண்டுவர்றா. எதுக்கு?"

"சும்மாதான். இனிமே நான் சொல்றவரைக்கும் திங்காதீங்க."

மறுநாள் காலை நீர் வற்றும் நேரத்தில் அவள் பாறைக்குப் போனாள். சிப்பிக்காரி சின்னக் கோடரியும் கூடையுமாக முன்னே நடந்தாள். நடுத்தர வயது, வெடவெடவென்ற உடம்பு, வாய் மூடாத பேச்சு. ஆனால் பாறையில் கால் வைத்ததும் அவளும் பேச்சை நிறுத்திவிட்டாள்.

மட்டியக்காவுக்குக் கடற்பாறை புதிதல்ல. நீர் வற்றியதும் பாறை முழுக்கச் சடசடவென்று சத்தம் கேட்கும். ஆயிரம் சின்ன வாய்கள் மூடும், திறக்கும், மெல்லிய நீர்க்கீற்றைத் துப்பும். நத்தை ஊரும். நண்டு ஓடும். இங்கே ஒன்றுமே இல்லை. காற்று அடித்தது, தூரத்தில் அலை புரண்டது, அவ்வளவுதான். பூட்டிக்கிடக்கும் வீட்டுக்குள் நுழைந்துவிட்டது போலிருந்தது. நூறடி தள்ளிப் பட்டறைச் சரிவிலிருந்து தண்ணீர் ஒரு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. அது இறங்கும் தடம் முழுக்கக் கல் சிவந்திருந்தது.

"எப்பவுமே இப்படித்தான் இருக்குமா?"

"ரெண்டு வருஷமா இப்படித்தான். புதுக் குஞ்சே பாறைல ஒட்ட மாட்டேங்குது. எல்லாம் பழசு." சிப்பிக்காரி ஒரு சிப்பியைத் தட்டிப் பெயர்த்தாள். "ஆனா ஓடு மட்டும் பாருங்க, எவ்வளவு கெட்டி!"

அது சிப்பி மாதிரியே இல்லை. தட்டையாக இருக்க வேண்டியது, மூடிய கைமுஷ்டி மாதிரி உருண்டு திரண்டிருந்தது. சிப்பிக்காரி அதைக் கல்லில் வைத்து இரண்டாகப் பிளந்தாள். உள்ளே தரை போல ஒரு வெள்ளைத் தகடு. அதைக் குத்தினால் அடியில் ஒரு பொந்து, பொந்துக்குள் அழுகிய வாடையோடு கொழகொழவென்ற நீர். அதற்குக் கீழே இன்னொரு தகடு, இன்னொரு பொந்து. பயந்து போன ஒருவன் வீட்டுக்குள் வீடு கட்டி, அதற்குள் இன்னொரு வீடு கட்டி, கதவுமேல் கதவாகச் சாத்திக்கொண்டு ஒளிந்திருந்தது போல இருந்தது. எல்லாவற்றுக்கும் உள்ளே, கட்டைவிரல் நகமளவு சதை ஒண்டிக்கொண்டிருந்தது.

"முன்னே எல்லாம் ஒரு கிண்ணத்துக்குப் பத்து உடைப்பேன். இப்ப முப்பது உடைச்சாத்தான் நிறையுது" என்றாள் சிப்பிக்காரி.

முப்பது. மட்டியக்கா மனதுக்குள் அதை நாட்களால் பெருக்கப் பார்த்தாள். கணக்கு வராதவளுக்கு அன்று கணக்கு வந்தது.

மட்டிக்கு விவரம் இருந்தது, வாயை மூடிக்கொண்டது. ஆனால் எத்தனை நாள் மூடிக்கொண்டிருக்க முடியும்? பாறையில் ஒட்டிக்கொண்ட சிப்பிக்கு வேறு கடல் ஏது? ஒருநாள் பசித்துத் திறக்கத்தான் வேண்டும். திறந்து, குடித்து, குடித்ததையெல்லாம் சதையில் சேர்த்து வைக்கத்தான் வேண்டும். சத்தைச் சேர்த்த அதே சதையில்.

பாறைமேல் உட்கார்ந்து சிப்பிக்காரிக்கு விஷயத்தைச் சொன்னாள். அவள் கோடரியைக் கீழே வைத்துவிட்டுத் தன் கையை விரித்துப் பார்த்தாள்.

"நானும் இதைத்தானே தினமும் திங்கிறேன்?" என்றாள்.

எட்டுச் சிப்பிகளைச் சொட்டு பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பினார். பன்னிரண்டாம் நாள் முடிவு வந்தது. எண்களை அவளிடம் படித்துக் காட்டவில்லை. தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, "தகரம் கலந்த பூச்சு. தடை பண்ணி எத்தனையோ வருஷம் ஆச்சு. இப்ப யாரும் பூசுறதில்ல. பழசைச் சுரண்டித் தண்ணில விடுறாங்க, அவ்வளவுதான்" என்றார். "அண்ணியை உடனே மருத்துவர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க."

அண்ணன் முதலில் எரிந்து விழுந்தான்.

"என் பொழப்புல மண்ணைப் போடப் பாக்குறியா? பதினாறு வருஷமா சுரண்டுறேன். எனக்கு என்ன ஆச்சு? சொல்லு!"

அவள் பாறையிலிருந்து எடுத்து வந்த பிளந்த ஓட்டை மேசைமேல் வைத்தாள். அண்ணன் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். விரலை முதல் பொந்துக்குள் விட்டான், அடுத்ததற்குள் விட்டான். அந்த விரலின் நகக்கண்ணில் சிவப்பு ஏறியிருந்தது. அதை அவனும் பார்த்துவிட்டான். எழுந்து குழாயடிக்குப் போனான். வெகுநேரம் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அன்றிலிருந்து படுக்கையை முன்னறைக்கு மாற்றிக்கொண்டான்.

மருத்துவர் அண்ணியின் ரத்தத்தைச் சோதித்துவிட்டு ஒளிவுமறைவில்லாமல் பேசினார். "சிப்பி நல்ல உணவு, அதுல மாற்றமில்ல. ஆனா அது நிக்கிற தண்ணி எப்படியோ அப்படித்தான் அதுவும். எந்தத் தண்ணின்னு நான் கேட்டிருக்கணும், கேக்கலை. உங்க உடம்புல கொஞ்சம் போயிருக்கு. குழந்தையை என்ன பண்ணும்னு இப்ப என்னால மட்டுமில்ல, யாராலயும் சொல்ல முடியாது. நிறுத்திட்டோம்ல, காத்திருப்போம்."

அந்தக் காத்திருப்புதான் மற்ற எல்லாவற்றையும்விடக் கொடுமையாக இருந்தது. துறைமுக அலுவலகத்தார் வந்து பட்டறையைப் பூட்டினார்கள். சிப்பிப் பாறைக்குப் போகும் வழியில் பலகை நட்டார்கள். அண்ணன் மரச்சாமான் செய்யும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்தான். சிப்பிக்காரியும் போய்ச் சோதனை செய்துகொண்டு, வளைகுடாவுக்கு அந்தப் பக்கம், வாராவாரம் தண்ணீரைச் சோதிக்கும் சிப்பிப் பண்ணையில் வேலைக்குப் போனாள். எல்லாம் ஒழுங்குக்கு வந்ததுபோல வெளியில் தெரிந்தது. வீட்டுக்குள் மட்டும் மூன்று பேரும் ஒரே வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணி நாற்காலியில் சாய்ந்து, வயிற்றில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு மணிக்கணக்காக அசையாமல் இருப்பாள். சில நாள் குழந்தை உதைக்கும். சில நாள் சத்தமே இருக்காது. அப்படிப்பட்ட ஒருநாள் மட்டியக்கா வேலையிலிருந்து திரும்பியபோது அண்ணி தலையைத் தூக்காமல் சொன்னாள்:

"இன்னிக்குக் காலைல இருந்து மூடிக்கிச்சு."

அந்த வார்த்தையைக் கேட்டு அவளுக்கு உள்ளங்கால்வரை ஜில்லிட்டது. அண்ணியின் காலடியில் உட்கார்ந்து வயிற்றில் காதை வைத்தாள். உள்ளே எங்கேயோ தண்ணீர் புரளும் சத்தம் கேட்டது. வேறொன்றும் கேட்கவில்லை. "நான்தான்" என்றாள் வயிற்றைப் பார்த்து. வெகுநேரம் கழித்து அவள் கன்னத்தில் மெதுவாக ஓர் இடி விழுந்தது. அண்ணி அழுதுவிட்டாள்.

மூன்று வாரம் முந்திப் பெண் குழந்தை பிறந்தது. எடை இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். பிறந்ததும் வீறிட்டு அழுதது. மருத்துவர் கண்ணைப் பார்த்தார், காதைப் பார்த்தார், விரல்களை எண்ணினார். "இப்போதைக்கு ஒரு குறையும் இல்ல. ரெண்டு வருஷம் அப்பப்ப கொண்டு வந்து காட்டுங்க" என்றார்.

அண்ணன் மட்டும் குழந்தையைத் தொடவில்லை. வாசற்படியில் நின்று பார்ப்பான். அண்ணி நீட்டினால் பின்னால் நகர்ந்துகொள்வான். "கை அழுக்கு" என்பான். ஒரு மாதம் ஆயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல் நிலையத்து வாசலில் வந்து நின்றான். புதுச் சட்டை, தலைமுடி ஈரமாக இருந்தது.

"ஒரு உதவி செய்வியா? என் கையை அதுங்க தண்ணில விட்டுப் பாக்கணும்."

"என்ன அண்ணா இது, விளையாட்டா?"

"விளையாடவா இவ்வளவு தூரம் வந்தேன்?"

அவன் குரலைக் கேட்டபின் அவளுக்கு மறுக்க மனம் வரவில்லை. மூன்று மாதம் வேலை செய்த மட்டிகளை ஆற்றுக்கே திருப்பி அனுப்புவது வழக்கம். அப்படி அனுப்பக் காத்திருந்த எட்டு, கம்பியெல்லாம் கழற்றி ஒரு தனித் தொட்டியில் இருந்தன. சொட்டிடம் கேட்டுக்கொண்டு அண்ணனை அங்கே அழைத்துப் போனாள். ஒரு வாளி ஆற்றுத் தண்ணீரில் அவனை முழங்கைவரை கையை முக்கச் சொன்னாள். அந்தத் தண்ணீரை ஒரு குழாய் வழியாகத் தொட்டிக்குள் மெதுவாக விட்டாள்.

அண்ணன் மண்டியிட்டுக் கண்ணாடிமேல் நெற்றியை வைத்துக்கொண்டான். மட்டிகளின் வாயில் வெளிறிய விளிம்பு அசைந்தது. ஒரு நிமிடம். பிறகு ஒன்று மூடியது. இன்னொன்று மூடியது. கொஞ்ச நேரத்தில் எட்டும் கூழாங்கல்லாகக் கிடந்தன.

அண்ணன் எழுந்திருக்கவில்லை. அவன் முதுகு மட்டும் ஏறி இறங்கியது. அவள் அவன் பக்கத்தில் குனிந்தாள். பட்டறையை விட்டு இத்தனை மாதமாகியும் இன்னும் போகவில்லையா? தோலைத் தாண்டி எலும்புக்கே போய்விட்டதா? அப்போதுதான் அவளுக்கு ஒரு வாசனை எட்டியது.

"எத்தனை தடவை சோப்பு போட்ட?"

"ஏழு."

"ஏழா!"

"அதுக்கு மேல துணி துவைக்கிற தூளும் போட்டேன்."

"அட மட்டி!" என்று அவள் கத்தினாள். பிறந்ததிலிருந்து அவனை அவள் அப்படிச் சொன்னதில்லை. "சோப்பும் அதுக்கு விஷம்தான். போ, போய் வெறும் தண்ணில அலசு. நான் போதும்னு சொல்றவரைக்கும் அலசு."

தொட்டித் தண்ணீரை மாற்றி, மட்டிகள் மறுபடி திறக்க மதியமாகிவிட்டது. அண்ணன் அதுவரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இரண்டாம் முறை கையை வாளியில் விட்டான். தண்ணீர் குழாய் வழியாக இறங்கியது. ஐந்து நிமிடம். பத்து. இருபது. எட்டில் ஒன்றுகூட மூடவில்லை. ஒரு மட்டி இன்னும் கொஞ்சம் அகலமாகவே திறந்தது.

அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். மட்டிக்குத் தண்ணீரைப் பற்றித்தான் தெரியும், பதினாறு வருஷம் ஒருவன் உடம்புக்குள் போனதைப் பற்றியோ, இரண்டு வருஷம் கழித்து மருத்துவர் என்ன சொல்லப்போகிறார் என்பதைப் பற்றியோ அதற்கு ஒன்றும் தெரியாது. அது அவளுக்குத் தெரியும். சொல்லவில்லை.

"கிளம்பு அண்ணா. பாப்பா எழுந்து பால் குடிக்குற நேரம்" என்றாள்.

அவள் வேலை முடிந்து வீடு திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. அண்ணன் முன்னறை நாற்காலியில் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தான். சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிவிட்டிருந்தான். மார்பில் குழந்தை வாயைத் திறந்துகொண்டு தூங்கியது.

அண்ணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"வந்ததுல இருந்து இப்படியேதான் உக்காந்திருக்காரு. கழிப்பறைக்குக்கூடப் போகல. நீயாவது சொல்லேன்" என்றாள்.

"சத்தம் போடாதீங்க" என்றான் அண்ணன், உதடு அசையாமல்.